மக்களே அரண்

நுழையும்முன்

பரந்த நிலமும் பெருந்திரளான மக்களும் உடைய நாடு, எல்லையில் பகைவரை எதிர்கொள்ளலாம். தேவையெனில் பின்வாங்கி, மீண்டும் அணிதிரண்டு போரிடலாம். பின்வாங்குவதற்கு இடமே இல்லாத சிறு நாடு என்ன செய்யும்? தன்னைக் காக்கும் படையை யாரைக்கொண்டு அமைக்கும்? அதற்கென அதன் மக்கள் கொடுக்கும் விலை யாது? தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் படையமைப்பை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

நால்வகை அரணும் இல்லாத தீவு

நாட்டைக் காக்கும் அரண்களைப் பழந்தமிழர் நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நான்காக வகுத்தனர். இந்த அளவுகோலைக் கொண்டு சிங்கப்பூரை நோக்கினால் அதன் நிலை எளிதில் விளங்கும். அத்தீவின் மிக உயர்ந்த குன்றான புக்கித் தீமாவின் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர்தான். பகைவரைத் தடுத்து நிறுத்தும் அடர்காடோ அகன்ற வெளியோ அங்கில்லை. கிழக்கிலிருந்து மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டரும், வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 27 கிலோமீட்டரும் நீண்டிருக்கும் அத்தீவை ஒரு போர் விமானம் சில நிமிடங்களில் கடந்துவிடும். கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின்னரும் அதன் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டரே ஆகும்.

எஞ்சியிருப்பது நீரரண் ஒன்றே. அதுவும் முழுமையான காப்பு அன்று என்பதை வரலாறு காட்டியது. பிரித்தானியர் சிங்கப்பூரைக் கிழக்கின் வெல்லமுடியாத கோட்டை எனக் கருதினர்; வடகரையில் பெரும் கடற்படைத் தளம் ஒன்றையும் அமைத்தனர். ஆயினும் ஜப்பானியப் படை மலாயாவின் நிலவழியே இறங்கி வந்து, 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவில் குறுகிய ஜொகூர் நீரிணையைக் கடந்தது. ஒரே வாரத்தில், பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரித்தானிய, இந்திய, ஆஸ்திரேலிய வீரர்கள் ஏறத்தாழ 80,000 பேர் சரணடைந்தனர்.

அதன் பின் வந்த மூன்றரை ஆண்டுகள் அப்பகுதி மக்களுக்குக் கொடிய காலமாயின. சிங்கப்பூரில் சீனர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். மலாயாவின் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் – பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மடிந்தனர். தொலைவில் உள்ள ஒரு பேரரசின் படையை மட்டும் நம்பியிருக்கும் மக்கள், அப்படை தோற்கும்போது தாமும் கைவிடப்படுவர் என்னும் பாடத்தை அம்மக்கள் அன்று கற்றனர்.

கையிலிருந்தவை இரு பட்டாலியன்கள்

1963இல் மலேசியக் கூட்டரசில் இணைந்த சிங்கப்பூர், 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் அதிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. அப்போது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சம். குடிநீரின் பெரும்பகுதி அண்டை மாநிலமான ஜொகூரிலிருந்து குழாய் வழியே வந்தது. சொந்தப் படை எனச் சொல்லிக்கொள்ள இரண்டு காலாட்படைப் பட்டாலியன்களே இருந்தன. அவற்றிலும் மலேசியாவைச் சேர்ந்த வீரர்கள் பலர் இருந்தனர். போர் விமானம் ஒன்றுகூட இல்லை.

சூழலும் அமைதியாக இல்லை. மலேசியக் கூட்டரசை ஏற்காத இந்தோனேசியா 1963 முதல் மோதல் போக்கைக் கடைப்பிடித்து வந்தது. அதன் பகுதியாக, 1965 மார்ச் 10ஆம் நாள் சிங்கப்பூரின் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து மூவர் உயிரிழந்தனர். 33 பேர் காயமுற்றனர்.

இந்நிலையில் படையை உருவாக்கும் பொறுப்பு, பொருளியல் அறிஞரான கோ கெங் சுவீயிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் நிதியமைச்சராக இருந்த அவர், புதிதாக அமைக்கப்பட்ட உள்துறை, பாதுகாப்பு அமைச்சின் முதல் அமைச்சரானார். படைக்கு ஆள் வேண்டும். ஆளுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டும். இவை அனைத்திற்கும் பணம் வேண்டும். ஒரு நாட்டின் படை வலிமை அதன் பொருள் வலிமையைச் சார்ந்தது என்பதை அறிந்த பொருளியலாளரே இப்பணியைத் தொடங்கியது பொருத்தமாக அமைந்தது.

ஆசிரியரைத் தேடிய நாடு

படை அமைக்க உதவுமாறு பிரதமர் லீ குவான் யூ முதலில் நாடியவற்றுள் இந்தியாவும் எகிப்தும் அடங்கும். அன்றைய இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கு அவர் கடிதம் எழுதினார். நல்வாழ்த்துகள் வந்தனவேயன்றிப் படைப்பயிற்சி உதவி வரவில்லை. எகிப்திடமிருந்தும் எதிர்பார்த்த உதவி கிட்டவில்லை. இறுதியில், தானும் ஒரு சிறு நாடாகிய இஸ்ரேல் உதவ முன்வந்தது.

அவ்வுதவியை வெளிப்படையாகப் பெறுவதில் இடர் இருந்தது. சிங்கப்பூரின் அண்டை நாடுகளில் இஸ்லாமியர் பெரும்பான்மையினர். சிங்கப்பூரிலும் இஸ்லாமியர்களான மலாய்க்காரர்கள் கணிசமாக வாழ்ந்தனர். ஆகவே, வந்திறங்கிய இஸ்ரேலியப் பயிற்றுநர்கள் 'மெக்சிகோக்காரர்கள்' எனக் குறிப்பிடப்பட்டனர். சிறு நாடொன்று தன் பாதுகாப்பைப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்த்தே எடுக்கப்பட வேண்டியிருப்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1966இல் ஜூரோங் பகுதியில் சிங்கப்பூர் ஆயுதப்படைப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் இந்திய வம்சாவளியினரான கிர்பா ராம் விஜ். அங்குக் கடும்பயிற்சி பெற்ற முதல் அணி அதிகாரிகள் 117 பேர், 1967 ஜூலை 16ஆம் நாள் பதவியேற்றனர். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அடுத்த அணிக்குப் பயிற்சி அளிப்பது என்பதே திட்டம்.

பதினெட்டாம் வயதின் அழைப்பு

சம்பளம் கொடுத்துப் பெரும்படையை நிலையாக வைத்திருக்க அன்றைய சிங்கப்பூரால் இயலாது. இளைஞர் அனைவரும் படையில் சேர்ந்துவிட்டால் தொழிற்சாலைகளும் துறைமுகமும் ஆளின்றி நிற்கும். படையும் வேண்டும், பொருளாதாரமும் நிற்கலாகாது. இவ்விரண்டையும் இணைக்கும் வழியாகத் 'தேசிய சேவை' அமைந்தது. இளைஞர்கள் குறிப்பிட்ட காலம் பயிற்சி பெற்றுப் பணியாற்றுவர். பின்னர்க் கல்விக்கும் தொழிலுக்கும் திரும்புவர். தேவைப்படும்போது மீண்டும் படைவீரராவர். அமைதிக் காலத்தில் சிறிதாகவும் நெருக்கடிக் காலத்தில் பெரிதாகவும் விரியக்கூடிய படையை இம்முறை அளித்தது.

இதற்கான சட்டத்திருத்தம் 1967 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதினெட்டு வயது நிறைந்த இளைஞர்கள் ஏறத்தாழ 9,000 பேர் பதிவு செய்தனர். அவர்களுள் பத்தில் ஒரு பங்கினரான சுமார் 900 பேர், முழுநேரச் சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1967 ஆகஸ்டில் படையில் சேர்ந்தனர். மற்றவர்கள் பகுதிநேரச் சேவையில் அமர்த்தப்பட்டனர்.

பெற்றோர் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 'நல்ல இரும்பை ஆணியாக அடிப்பதில்லை. நல்ல மகனைச் சிப்பாயாக ஆக்குவதில்லை' என்பது சீனர்களிடையே வழங்கிய பழமொழி. வணிகத்தையும் கல்வியையும் உயர்வாகக் கருதிய குடும்பங்கள், மகனைப் படைக்கு அனுப்ப அஞ்சின. அவ்வச்சத்தைப் போக்கச் சமூக மன்றங்களில் வழியனுப்பு விழாக்கள் நடத்தப்பட்டன. அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவற்றில் பங்கேற்றனர்.

அம்முடிவின் தேவையை அடுத்த ஆண்டே உணர்த்தியது. தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரித்தானியா அறிவித்தது. பிரித்தானியத் தளங்கள் பாதுகாப்பு மட்டுமல்லாமல் வேலைவாய்ப்பும் அளித்துவந்தன. நாட்டின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றைச் சார்ந்திருந்தது. 1971இன் இறுதிக்குள் அப்படைகளின் பெரும்பகுதி வெளியேறியது. இனித் தன் காலில்தான் நிற்க வேண்டும் என்ற நிலை சிங்கப்பூருக்கு ஏற்பட்டது.

படையின் அமைப்பு

சிங்கப்பூர் ஆயுதப்படை இன்று நான்கு பிரிவுகளைக் கொண்டது.

தரைப்படை இவற்றுள் பெரியது. தேசிய சேவையாளர்கள் மிகுதியாக இடம்பெறுவதும் இதில்தான். காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படை, பொறியாளர் படை, தகவல்தொடர்புப் படை, அதிரடிப்படை எனப் பல பகுதிகள் இதில் உள்ளன.

ஆகாயப்படையின் தொடக்கம் மிக எளிமையானது. 1968இல் வான்காப்புத் தலைமையகமாக அது நிறுவப்பட்டபோது அதனிடம் விமானங்கள் இல்லை. 1969இல் வாங்கப்பட்ட எட்டுச் செஸ்னா சிறுவிமானங்களில் அதன் முதல் விமானிகள் பறக்கக் கற்றனர். இன்று எஃப்-15, எஃப்-16 வகைப் போர் விமானங்களை அது இயக்குகிறது.

கடற்படை, நாட்டின் உயிர்நாடியான கடல்வழிகளைக் காக்கிறது. உணவு, எரிபொருள், வணிகப்பொருள் ஆகியவை பெரும்பாலும் கப்பலில் வரும் நாட்டுக்குக் கடல்வழி அடைபடுவது மூச்சு அடைபடுவதற்கு ஒப்பாகும். போர்க்கப்பல்கள், ரோந்துக் கப்பல்கள், நீர்மூழ்கிகள், துருப்புகளை ஏற்றிச்செல்லும் கப்பல்கள் இதனிடம் உள்ளன.

நான்காவது பிரிவான மின்னிலக்க, உளவுத்துறைப் படை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. மின்நிலையம், வங்கி, மருத்துவமனை, துறைமுகம் ஆகியவை அனைத்தும் கணினி வலையமைப்பால் இயங்கும் காலத்தில், ஒரு குண்டும் வீசாமலே ஒரு நாட்டை முடக்கிவிடலாம். இத்தகைய தாக்குதல்களை எதிர்கொள்வதும் உளவுத் தகவல்களைத் திரட்டுவதும் இப்படையின் பணி.

நான்கு படைகளுக்கும் மேலாகப் படைத் தலைவர் ஒருவர் இருக்கிறார். அவர் தற்காப்பு அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர். அமைச்சர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர். படை அரசுக்குக் கட்டுப்படுமேயன்றி, அரசு படைக்குக் கட்டுப்படாது என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் படைத்தலைவர்களே ஆட்சியைக் கைப்பற்றிய இருபதாம் நூற்றாண்டில், இந்நெறி பிறழாமல் காக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு. படையில் நாள்தோறும் வழங்கும் மொழி ஆங்கிலம். அணிவகுப்புக் கட்டளைகளோ நாட்டின் தேசிய மொழியான மலாயில் ஒலிக்கின்றன. தேசிய சேவையின் தொடக்க ஆண்டுகளில் ஹொக்கியன் என்னும் சீன வட்டாரமொழி மட்டுமே அறிந்த இளைஞர்களுக்கெனத் தனிப் பிளாட்டூன்கள் அமைக்கப்பட்டு, அம்மொழியிலேயே பயிற்சி அளிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளும் அதன் பின்னும்

சிங்கப்பூர்க் குடிமக்களான ஆண்களும் நிரந்தரவாசிகளின் மகன்களும் 18 வயது நிறைந்ததும் தேசிய சேவைக்கு அழைக்கப்படுகின்றனர். மருத்துவப் பரிசோதனையின் அடிப்படையில் ஒருவர் எப்பணிக்குத் தகுதியுடையவர் என்பது முடிவு செய்யப்படும். படையில் மட்டுமன்றிக் காவல்துறையிலும், தீயணைப்பு, மீட்புப் பணிகளைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையிலும் சேவையாற்றலாம். தக்க காரணமின்றிச் சேவையைத் தவிர்ப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.

படைக்குத் தேர்வானவர்களுள் பெரும்பாலோர் முதலில் செல்லுமிடம், தெக்கோங் என்னும் தீவில் உள்ள அடிப்படைப் பயிற்சி மையம். முதல் நாளன்று பெற்றோரும் உடன் படகில் செல்லலாம். மகன் தங்கப்போகும் அறையைக் காணலாம். அவன் உண்ணப்போகும் உணவை அவனுடன் அமர்ந்து உண்ணலாம். அதன்பின் அவர்கள் கரை திரும்புவர். மகன் தலைமுடியை மழித்துக்கொண்டு புதுப்படைவீரனாகத் தீவில் தங்குவான். துப்பாக்கியைக் கையாளுதல், காட்டில் தங்குதல், நெடுந்தூரம் சுமையுடன் நடத்தல் ஆகியவற்றில் அவன் பயிற்சி பெறுவான்.

பயிற்சியில் சிறந்து விளங்குவோர் அதிகாரிகளாகவும், அணித்தலைவர்களாகவும் மேற்பயிற்சி பெறத் தேர்ந்தெடுக்கப்படுவர். வீட்டின் செல்வமோ குடும்பப் பெயரோ இங்குத் தகுதியாவதில்லை. அமைச்சரின் மகனும் வாடகைக்கார் ஓட்டுநரின் மகனும் ஒரே அறையில் உறங்கி, ஒரே தட்டில் வரும் உணவை உண்பர். தமிழ் இளைஞன், சீன இளைஞன், மலாய் இளைஞன் ஆகியோர் ஒருவர் பையை மற்றவர் சுமக்கும் நாளும் வரும். நாட்டைக் காப்பதோடு, பல இனத்தாரை ஒரு நாட்டு மக்களாக்குவதும் தேசிய சேவையின் நோக்கம் என்று அதை வகுத்தவர்கள் கருதினர்.

முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். முன்பு சில நிலையினருக்கு இரண்டரை ஆண்டுகளாக இருந்த காலம், 2004இல் அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கடமை அத்துடன் முடிவதில்லை. அடுத்துவரும் ஆண்டுகளில் அவர்கள் போர்க்காலத் தேசிய சேவையாளர்களாக, பத்து ஆண்டுகளின் பயிற்சிச் சுற்றை நிறைவு செய்ய வேண்டும். ஓர் ஆண்டில் 40 நாள் வரை அவர்களை அழைக்கலாம். உடல்தகுதித் தேர்வையும் ஆண்டுதோறும் எதிர்கொள்ள வேண்டும். வீரர்களுக்கு 40 வயது வரையிலும் அதிகாரிகளுக்கு 50 வயது வரையிலும் இக்கடமை உண்டு. ஆகவே, வங்கியில் கணக்கு எழுதுபவரும் பள்ளியில் பாடம் நடத்துபவரும் மருத்துவமனையில் பணியாற்றுபவரும் அழைப்பு வந்த அன்று சீருடை அணிந்த வீரர்களே.

அவ்வழைப்பு வரும் முறையும் அறியத்தக்கது. ஒவ்வொரு பிரிவுக்கும் குறிச்சொல் ஒன்று உண்டு. திரட்டல் அறிவிக்கப்படும்போது அக்குறிச்சொற்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரையரங்குகளிலும் அறிவிக்கப்படும். தம் பிரிவின் குறிச்சொல்லைக் கேட்டவர்கள் சில மணி நேரத்துக்குள் முகாமுக்கு வந்து சேர வேண்டும். இதற்கான ஒத்திகைகள் முன்னறிவிப்பின்றி நடத்தப்படுகின்றன.

பெண்களுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை. விருப்பத்தின்பேரில் அவர்கள் படைப்பணியில் சேரலாம். 2015இல் கான் சியோ ஹுவாங் என்னும் ஆகாயப்படை அதிகாரி, சிங்கப்பூர்ப் படையின் முதல் பெண் ஜெனரல் ஆனார்.

இடமின்மையை வென்ற வழிகள்

பீரங்கி சுடவும் விமானங்கள் பறந்து பயிலவும் பரந்த வெளி வேண்டும். அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய தீவில் அதற்கு இடமேது? இடமில்லாத நாடு, நண்பர்களின் நிலத்தில் பயிற்சி செய்யத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் விரிகுடாப் பகுதியில் அதன் தரைப்படையும், அமெரிக்காவின் அரிசோனாவில் அதன் விமானிகளும் பயிற்சி பெறுகின்றனர். இந்தியாவுடன் 2007, 2008ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி, கலைக்குண்டா விமானத் தளத்திலும் பபினா, தேவ்லாலி ஆகிய பயிற்சிக் களங்களிலும் சிங்கப்பூர்ப் படையினர் பயிற்சி செய்தனர். 1965இல் கேட்டுக் கிடைக்காத உதவி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நட்பாக மலர்ந்தது. இரு நாட்டுக் கடற்படைகளும் 1994 முதல் கூட்டுப்பயிற்சி நடத்தி வருகின்றன.

உள்நாட்டிலும் ஒவ்வொரு சதுர அடிக்கும் இரட்டைப் பயன் காணப்பட்டது. லிம் சூ காங் சாலை, அன்றாடம் வாகனங்கள் செல்லும் பொதுச்சாலை. பயிற்சிக் காலத்தில் அதன் விளக்குக் கம்பங்களும் பெயர்ப்பலகைகளும் பேருந்து நிறுத்தங்களும் அகற்றப்பட, அதுவே போர் விமானங்கள் இறங்கி ஏறும் ஓடுபாதையாகிவிடும். நிலத்தடி இரயில் நிலையங்கள் சில, குண்டுத் தாக்குதலின்போது மக்கள் தங்கும் புகலிடங்களாக வடிவமைக்கப்பட்டுள்ளன. 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட காப்பறை இடம்பெற வேண்டும். அமைதிக் காலத்தில் அவ்வறை பலர் வீட்டில் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைக்கும் அறையாகப் பயன்படுகிறது.

படைக்கலன்களுக்கும் பிறரையே நம்பியிருத்தல் ஆகாது என்பதால், 1967இலேயே அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. துப்பாக்கித் தோட்டாக்களோடு நாட்டின் நாணயங்களையும் வார்த்தது அந்நிறுவனம். இன்று வீரர்கள் ஏந்தும் 'சார் 21' துப்பாக்கி சிங்கப்பூரிலேயே வடிவமைக்கப்பட்டது.

சிறு நாட்டுக்குத் துணையும் ஓர் அரணே. 1971இல் சிங்கப்பூர், மலேசியா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வெளித்தாக்குதல் நேர்ந்தால் ஐவரும் கலந்து பேசி முடிவெடுப்பர் என்பது அதன் சாரம். 2004 முதல் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையைத் தடுக்க இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை இணைந்து ரோந்து மேற்கொள்கின்றன. ஒரு காலத்தில் மோதலில் இருந்த அண்டை நாடுகள் ஒரே கடலைக் கூடிக் காக்கின்றன.

போரில்லாக் காலத்துப் பணிகள்

விடுதலைக்குப் பின் சிங்கப்பூர் எந்த நாட்டோடும் போரிட்டதில்லை. ஆயினும் அதன் படை ஓய்ந்திருந்ததில்லை.

1974 ஜனவரி 31ஆம் நாள், ஆயுதம் தாங்கிய நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிவிட்டு, 'லாஜு' என்னும் படகையும் அதன் பணியாளர்களையும் பிடித்துவைத்தனர். பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பின், பணியாளர்களை விடுவிப்பதற்கு ஈடாக, அரசு அதிகாரிகள் குழு ஒன்று அந்நால்வருடன் குவைத் வரை விமானத்தில் சென்றது. குழுவை வழிநடத்தியவர் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவு இயக்குநராக இருந்த தமிழர் எஸ்.ஆர். நாதன். உயிருக்கு உறுதியில்லாத அப்பயணத்தில் சென்ற அனைவரும் நலமாகத் திரும்பினர். 1999 முதல் 2011 வரை அவர் நாட்டின் அதிபராக விளங்கினார்.

1983 ஜனவரி 29ஆம் நாள், செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கம்பிவட ஊர்திகளின் வடத்தில் ஓர் எண்ணெய்த் துரப்பணக் கப்பல் மோதியது. இரு ஊர்திகள் கடலில் விழுந்து எழுவர் உயிரிழந்தனர். கடலுக்கு மேலே ஊசலாடிய ஊர்திகளில் 13 பேர் சிக்கிக்கொண்டனர். இரவு நேரத்தில், பலத்த காற்றுக்கிடையே, ஆகாயப்படையின் ஹெலிகாப்டர்களிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர்கள் அவர்கள் அனைவரையும் மீட்டனர்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் உள்ள மூலாபோ நகரம் தரைவழித் தொடர்பை இழந்தது. சிங்கப்பூரின் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் அங்கு விரைந்தன. உணவும் மருந்தும் இறக்கப்பட்டன; மருத்துவ முகாம்கள் அமைக்கப்பட்டன. போருக்கென வாங்கிய கப்பல், அண்டை நாட்டின் துயர்துடைக்கும் கையாக மாறியது. 2020இல் கொரோனாத் தொற்று பரவத் தொடங்கியபோது, சுமார் 13 இலட்சம் இல்லங்களுக்கு வழங்க வேண்டிய முகக்கவசங்களைப் பொட்டலமிட்டவர்களும் படைவீரர்களே.

முழுமைத் தற்காப்பு

படைவீரரால் மட்டும் நாடு காக்கப்படுவதில்லை என்னும் கருத்தை முன்வைத்து, 1984இல் 'முழுமைத் தற்காப்பு' என்னும் கோட்பாட்டைச் சிங்கப்பூர் அறிவித்தது. இராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், மனவுறுதி ஆகிய ஐந்து தூண்களைக் கொண்ட அதனுடன், 2019இல் மின்னிலக்கத் தற்காப்பு ஆறாவது தூணாகச் சேர்க்கப்பட்டது. இதன்படி, முதலுதவி கற்பதும் சேமிப்பதும் பிற இனத்தாரோடு இணக்கமாக வாழ்வதும் பொய்ச் செய்தியைப் பரப்பாதிருப்பதும் நாட்டைக் காக்கும் செயல்களே. தீவு வீழ்ந்த பிப்ரவரி 15ஆம் நாளே, ஆண்டுதோறும் முழுமைத் தற்காப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வெற்றி நாளைக் கொண்டாடும் நாடுகள் பல; தோல்வி நாளைத் தன் பிள்ளைகளுக்கு நினைவூட்டும் நாடு அரிது.

எழும் வினாக்கள்

இவ்வமைப்புக்கு ஒரு விலை உண்டு. நாட்டு வருவாயில் ஏறத்தாழ 3 விழுக்காடு பாதுகாப்புக்குச் செலவாகிறது. அதனினும் பெரிய விலை, இளைஞர்களின் காலம். உடன் படித்த பெண்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டை எட்டும்போது, சேவையை முடித்த ஆண்கள் முதலாம் ஆண்டில் நுழைகின்றனர். பயிற்சியில் உயிரிழந்த இளைஞர்களும் உண்டு. அத்தகைய இழப்புகள் மக்களிடையே கடும் வினாக்களை எழுப்பியதன் விளைவாக, பாதுகாப்பு நெறிகளைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019இல் படையில் அமைக்கப்பட்டது.

'அனைவருக்கும் சமம்' என்னும் கொள்கையும் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறையில் இல்லை. முதல் ஆண்டுகளில் மலாய் இளைஞர் பலர் சேவைக்கு அழைக்கப்படாமல் விடப்பட்டனர். அண்டை நாட்டோடு மோதல் நேர்ந்தால் அவர்களின் மனம் எப்பக்கம் சாயும் என்னும் ஐயமே அதற்குக் காரணம். குடிமகனாக ஏற்றுக்கொண்டு வீரனாக ஏற்க மறுத்தது, அச்சமூகத்தில் ஆறாத மனக்குறையை உண்டாக்கியது. பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது. 2009இல் ஒரு மலாய் அதிகாரி முதன்முறையாகப் பிரிகேடியர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தார். சமய நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுத்து, சிறை செல்வோர் இன்றும் உள்ளனர்.

எல்லாச் சிறு நாடுகளும் இவ்வழியையே தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். நடு அமெரிக்க நாடான கோஸ்டாரிகா 1948இல் தன் படையையே கலைத்துவிட்டது. ஐஸ்லாந்துக்கு நிலையான படை இல்லை. அது கூட்டணி நாடுகளின் துணையை நம்பியுள்ளது. சுவிட்சர்லாந்து 2013இல் பொது வாக்கெடுப்பு நடத்தியபோது, கட்டாயப் படைச்சேவை தொடர வேண்டும் என்றே வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் முடிவு செய்தனர். ஒவ்வொரு நாடும் தன் நிலம், அண்டை நாடு, வரலாறு ஆகியவற்றைக் கொண்டே தன் வழியை வகுத்துக்கொள்கிறது.

சிங்கப்பூரின் முன்னே இன்று புதிய அறைகூவலும் நிற்கிறது. அங்குக் குழந்தைப் பிறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்களின் எண்ணிக்கை குறையும்போது, மக்களையே அரணாகக் கொண்ட நாடு என்ன செய்யும்? ஆளில்லா விமானங்களும் ஆளில்லாப் படகுகளும் ஓரளவு ஈடுசெய்யலாம். அவற்றை இயக்குவதற்கும் மனிதரே வேண்டும். அம்மனிதர் தம் நாடு காக்கத்தக்கது என நம்ப வேண்டும்.

நிறைவாக

மலையும் காடும் அகன்ற நிலமும் இயற்கை தருபவை. மக்களின் நம்பிக்கையோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஈட்டப்பட வேண்டியது. தன்னை நேர்மையாக நடத்தும் நாட்டுக்காகவே ஓர் இளைஞன் தன் வாழ்வின் இரண்டு ஆண்டுகளை மனமுவந்து கொடுப்பான். தன் மகனைப் போலவே பிறர் மகனும் சேவைக்குச் செல்கிறான் என அறிந்தால்தான் ஒரு தாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கரை திரும்புவாள். ஆகவே, சிறு நாட்டின் படை வலிமையை அதன் விமானங்களையும் கப்பல்களையும் எண்ணி மட்டும் அளக்க முடியாது. சட்டம் அனைவரையும் ஒன்றுபோல் அழைக்கிறதா, அழைக்கப்பட்டவரை ஒன்றுபோல் மதிக்கிறதா என்பவையும் அவ்வலிமையின் அளவைகளே. மக்கள் அரணாக வேண்டுமெனில், அம்மக்களுக்கு நாடு முதலில் அரணாக நிற்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. 'பதினெட்டு வயது நிறைந்த அனைவருக்கும் நாட்டுப்பணி கட்டாயமாக்கப்பட வேண்டுமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. முழுமைத் தற்காப்பின் ஆறு தூண்களுள் மாணவர்கள் பங்களிக்கத்தக்கவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

சிந்தனை வினாக்கள்

1. சிங்கப்பூர் நிலையான பெரும்படையைத் தவிர்த்துத் தேசிய சேவை முறையைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களை விளக்குக.

2. படை அரசுக்குக் கட்டுப்பட்டிருப்பதன் இன்றியமையாமையை எடுத்துரைக்க.

3. 'மக்கள் அரணாக வேண்டுமெனில், அம்மக்களுக்கு நாடு முதலில் அரணாக நிற்க வேண்டும்' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளைக்கொண்டு ஆராய்க.